ஒரு தடவை அழுத்தினால் போதும்

பெங்களூர் ரெசிடென்சி ரோட்டில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் பெருமாள்சாமிக்கு லிஃப்ட் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே லிஃப்ட், அதே ஸ்டூல், அதே இரும்புக் கிராதிக் கதவு. இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து அதிகமாக வந்த வாக்கியம் எது என்று கேட்டால் கட்டடத்தில் எல்லோரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். "ஒரு தடவ அழுத்தினா போதும் சார்." மூன்றாவது மாடி வக்கீல் வெளிப் பொத்தானைக் குத்து குத்தென்று குத்துவார். லிஃப்ட் போய் நின்றதும் பெருமாள்சாமி கதவை இழுத்தபடி இதைச் சொல்வான். கன்னடக்காரர் என்றால், "ஒந்து சல ஒத்திதரே சாக்கு சார்." வெள்ளைக்காரர் என்றால், "ஒன் டைம், ஒன் டைம்." பத்துத் தடவை அழுத்தினால் லிஃப்ட் பத்து மடங்கு வேகமாக வந்துவிடாது, உள்ளே ஏதாவது சூடாகி மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் என்பது அவன் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரையும் அவன் விட்டுவைத்ததில்லை.

அப்படிப்பட்டவன் 2009 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தன் வீட்டுச் சுவரில் தொங்கிய கருவியின் பொத்தானை இருபது தடவைக்குக் குறையாமல் அழுத்தினான். அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

அந்தக் கருவி அவனிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவன் மனைவி சரசுவுக்கு இந்திரா நகரில் ஷில்பா என்கிற பெண்ணின் அம்மா வீட்டில் பன்னிரண்டு வருடமாகச் சமையல் வேலை. ஷில்பா கல்யாணம் முடிந்து நியூ ஜெர்சி போய்க் குழந்தை பெற்றபோது, எனக்குச் சரசுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஏப்ரலில் சரசு விமானம் ஏறினாள். ஆறு மாதம் என்று பேச்சு. ஆறு ஒன்பதாக நீண்டது. பொங்கலுக்கு நிச்சயம் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லி டிக்கெட்டும் போட்டார்கள். அந்த வீட்டில் ஒரு பழைய இ-ரீடர் சும்மா கிடந்தது. பள்ளிக்கூட ஸ்லேட்டு அளவு, புத்தகம் படிக்கிற கருவி. சரசு தாளில் எழுதித் தரட்டும், அதைப் படம் எடுத்து இதில் ஏற்றி அனுப்பலாம், தபாலில் தொலையாது என்று ஷில்பாவுக்கு ஒரு யோசனை. தீபாவளிக்கு ஊருக்கு வந்த அவள் தம்பி நரேஷ் அல்சூருக்கே தேடி வந்து அதைக் கொடுத்தான். அடுத்த பக்கத்துக்கு இந்தப் பொத்தான், முந்தின பக்கத்துக்கு அந்தப் பொத்தான், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் என்று சொல்லிக் காட்டிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டான்.

உள்ளே மொத்தம் தொண்ணூறு பக்கம். தீபாவளி அன்றைக்கு முதல் பக்கம், பொங்கல் அன்றைக்குக் கடைசிப் பக்கம், நாளுக்கு ஒன்று. பக்கத்துக்கு நாலைந்து வரிதான் இருக்கும், அதுவும் ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில். ஏனென்றால் பெருமாள்சாமி பிறந்து வளர்ந்தது அல்சூர், படித்தது ஏழாவது வரை கன்னடப் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், சண்டை போட்டால் தமிழ். எழுத்து மட்டும் கன்னடம். ஆம்பூர்ப் பக்கத்து மாதனூரிலிருந்து சரசு வந்த பிறகுதான் அவளிடம் திட்டு வாங்கி வாங்கித் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகினான். ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "மாமா, இது காலண்டர் மாதிரி. நாளைக்கு உள்ளத இன்னிக்குக் கிழிக்காத. மேடம் வீட்டுல யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால தைரியமா எழுதறேன். கீழ போன் நம்பர் இருக்கு. அவசரம்னா மட்டும் பண்ணு. இல்லன்னா ஞாயித்துக்கெழம நானே பண்றேன்."

காலண்டர் என்று அவள் சொன்னதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தான். அதே ஆணியில், உறையோடு ரிப்பன் கட்டி, இதை மாட்டினான். இதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. டி.வி. மாதிரி அணைந்து போகாது. ஒரு பக்கத்தைத் திருப்பி விட்டுவிட்டால் கரண்ட் இருந்தாலும் போனாலும் அந்தப் பக்கம் அப்படியே நிற்கும். காலையில் குளித்துவிட்டு வந்து ஒரு தடவை அழுத்துவான். திரை ஒரு கணம் கறுத்து, வெளுத்து, அன்றைய சரசு வந்து நிற்பாள். நாள் முழுக்க வீட்டுச் சுவரில் அவள் கையெழுத்து இருக்கும்.

எல்லாவற்றையும் அவள் புரட்டாசியிலேயே எழுதி முடித்திருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு பக்கமும் அன்றைக்கு உட்கார்ந்து எழுதினது போலவே இருந்தது. "இன்னிக்கு அமாவாசை. தலைக்கு ஊத்திக்கினியா? பொய் சொல்லாத." அவன் தலைக்கு ஊற்றியிருக்க மாட்டான், திரும்பிப் போய் ஊற்றிக்கொள்வான். "இந்நேரம் மழ புடிச்சிருக்கும். கெழக்கு ஜன்னல் ஒழுகும். கீழ கீற அரிசி டப்பாவ நகத்தி வை." நகர்த்தி வைத்த அன்று ராத்திரியே மழை கொட்டி ஜன்னல் ஒழுகியது. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு தன்னை இப்படி ஆட்டிவைக்கிறாளே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. பெருமை தீர்ந்ததும் ஏக்கமாக இருந்தது. அவள் இருந்தபோது இந்த வீட்டில் இவ்வளவு இடம் இருந்ததில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு மனிதன் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவனைக் கலக்கியது வேறு சில பக்கங்கள். "குட்டி என் முந்தானையப் புடிச்சிகினாத்தான் தூங்குது." "குட்டிக்கு ரெண்டு பல்லு வந்துடுச்சி. மேடத்தப் பாக்கறதுக்கு முன்னாடி என்னப் பாத்துத்தான் சிரிக்குது." பெருமாள்சாமிக்கும் சரசுவுக்கும் குழந்தை இல்லை. இருபது வருடத்தில் போகாத ஆஸ்பத்திரி இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது. அதை விட்டுவிட்டு, ஒழுகுகிற ஜன்னலுக்கும் லிஃப்ட்காரனுக்கும் எதற்குத் திரும்பி வருவாள்? இந்த வகைப் பக்கம் வந்த நாட்களில் முதல் வரியைப் படித்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கம் முப்பத்தொன்பதாவது. "நாளைக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கப் போறேன். கோவிச்சிக்காத. இன்னிக்கு நல்லா தூங்கு."

இதைப் படித்த பிறகு எவனுக்குத் தூக்கம் வரும்? நாள் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்கி ஏறி இறங்கி அவன் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தான். இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்கப் போகிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினவன் விளக்குகூடப் போடாமல் சுவரண்டை போய் நின்றான். நாளைக்கு உள்ளதை இன்றைக்குக் கிழிக்கக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது. இருந்தும் அழுத்தினான். பக்கம் மாறவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்திருந்தால் மாறியிருக்குமோ என்னவோ. அவன் மறுபடி அழுத்தினான். மறுபடியும். மூன்றாவது மாடி வக்கீலாவது விரலால் அழுத்துவார், இவன் கட்டைவிரலை வைத்து நெரித்தான். முப்பத்தொன்பதாவது பக்கம் அசையாமல் நின்றது. அதன்பின் எந்தப் பொத்தானுக்கும் எந்த அசைவும் இல்லை.

விடிந்து புதன்கிழமை குளித்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல ஒரே ஒரு தடவை மெதுவாக அழுத்திப் பார்த்தான். சுவரில் செவ்வாய்க்கிழமையே இருந்தது.

லிஃப்ட் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியும். மெயினை அணைத்து, நூறு எண்ணி, மறுபடி போட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகிவிடும். இதற்கும் அடியில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருப்பதைப் பார்த்தான். ஆனால் கை போகவில்லை. லிஃப்டுக்கு இன்னொரு விதியும் உண்டு. உள்ளே ஆள் இருக்கும்போது மெயினில் கை வைக்கக் கூடாது.

சாயங்காலம் அல்சூர் பஜாரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சீனுவிடம் எடுத்துப் போனான். சீனு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த மாதிரி பீஸு நான் பாத்ததே இல்லண்ணா. இன்னா எழுதிக்கீது? 'நாளைக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கப் போறேன்... கோவிச்சிக்காத...' அட! யாருண்ணா இது?"

கடையில் நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். பெருமாள்சாமி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். புருஷன் பெண்டாட்டி விஷயம் பஜாரில் ஏலம் போவதற்கா இருக்கிறது? தமிழ் பேசத் தெரிந்த, ஆனால் படிக்கத் தெரியாத ஒரு மெக்கானிக்தான் இதற்குச் சரி. அல்சூரில் அப்படி ஒருவரைப் பிடிப்பது லேசில்லை. யோசித்தபோது டென்சில் ஞாபகம் வந்தது. அவன் கட்டடத்திலேயே நாலாவது மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் அறை வைத்திருக்கிற ஆங்கிலோ இந்தியர், வீடு பிரேசர் டவுனில். தமிழில் சரளமாகக் கெட்ட வார்த்தைகூடப் பேசுவார். ஆனால் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் அறை பூட்டியிருந்தது. கோலாரில் தங்கை மகள் கல்யாணம், திங்கட்கிழமைதான் வருவார் என்று பக்கத்து அறையில் சொன்னார்கள்.

வியாழன், வெள்ளி, சனி. சுவரில் செவ்வாய்க்கிழமை தொங்கியது. காலையில் எழுந்தால் என்ன செய்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை. தலைக்கு ஊற்றுவதா, அரிசி டப்பாவை நகர்த்துவதா, எதையும் சொல்ல ஆள் இல்லை. நாற்பது நாளில் ஒரு மனிதன் இவ்வளவு கெட்டுப்போவானா என்று அவனே தன்னைத் திட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல அவன் மொபைல் அடித்தது. நியூ ஜெர்சியில் அது சனிக்கிழமை ராத்திரி. இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஷில்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அவள், அவள் புருஷன், குழந்தை எல்லோரும் சுற்றி இருப்பார்கள். இதில் என்ன பேச முடியும்? சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். மழையா, மழை. அவ்வளவுதான்.

"எத்தினியாவது பக்கம் மாமா?" என்றாள் சரசு. எல்லா ஞாயிறும் கேட்பதுதான்.

"நாப்பத்திநாலு," என்றான். கணக்கில் தப்பில்லை, படித்ததில்தான் பொய்.

"அப்ப நாப்பது படிச்சிட்ட."

"படிச்சேன்."

"இன்னா சொல்ற?"

படிக்கவில்லை, அவசரப்பட்டு அழுத்திக் கெடுத்துவிட்டேன் என்று அத்தனை பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்த சாமானை இவன் பாழாக்கிவிட்டான் என்றாகும். அதைவிட, இவள் என்ன கேட்டிருப்பாள் என்பதுதான் தெரியுமே. கேட்கிறவளிடம் முகம் கோணாமல் சொல்லிவிடுவதுதான் ஆம்பிளைக்கு அழகு என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது.

"எனக்கின்னா, நான் எப்படியோ இருந்துக்குவேன்," என்றான். "நீ அங்க இருக்கணும்னா இரு."

மறுபக்கம் குழந்தை ஏதோ மழலை பேசியது. அப்புறம் சரசு, "சரி," என்றாள். "அரிசி டப்பாவ நகத்தினியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், "சரி, வெச்சிடறேன்," என்று வைத்துவிட்டாள்.

பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்று நினைத்துப் பார்த்தான். பெருந்தன்மையாக நடந்துகொண்டவனுக்கு வயிறு ஏன் இப்படிக் காலியாக இருக்க வேண்டும் என்றுதான் புரியவில்லை. அவனுக்கு இது புதிதில்லை. கல்யாணமான புதிதில் இரண்டு மூன்று தடவை சண்டை போட்டுக்கொண்டு சரசு மாதனூருக்குப் போயிருக்கிறாள். புருஷன் போய்க் கூப்பிட்டு அழைத்துக்கொண்டு வருவதுதான் முறை. எல்லாப் புருஷன்மாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். பெருமாள்சாமி போனதில்லை. மனசு அடித்துக்கொள்ளும், ரயில் நேரம்கூட விசாரிப்பான், ஆனால் போக மாட்டான். பத்து நாள் பார்த்துவிட்டு அவளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வந்ததும் அவன், "வந்துட்டியா," என்பான். அதற்கு மேல் அவனுக்கு வாய் வராது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டென்சில் லிஃப்டில் ஏறினார். பெருமாள்சாமி நாலாவது மாடியில் அவரோடேயே இறங்கினான்.

"இன்னா பெருமாள், மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அவன் துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். "மாட்டிக்கிச்சு சார்."

டென்சில் அதைக் கையில் வாங்கி நாலைந்து பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். "எத்தினி தடவ அழுத்தின?"

பெருமாள்சாமி தரையைப் பார்த்தான். "ஒரு இருவது இருக்கும் சார்."

"நீயா?" டென்சிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீயா மேன்? உன்னால எங்க வீட்டுல காலிங் பெல்லகூட நான் ஒரு தடவைக்கு மேல அழுத்தறதில்ல!" மேஜையில் உட்கார்ந்து விளக்கைத் திருப்பினார். "ஒண்ணும் இல்ல. நீ அழுத்தின ஒவ்வொண்ணும் உள்ள வரிசைல நிக்குது. ஒண்ண முடிக்காமயே அடுத்தது, அடுத்தது. அதுக்குத் தல சுத்திப்போச்சு. இந்தச் சுவிட்ச இழுத்து இருவது செகண்டு புடிச்சா செத்துப் பொழைக்கும்."

"வேணாம் சார்." பெருமாள்சாமி மேஜையைப் பிடித்துக்கொண்டான். "எல்லாம் அழிஞ்சிட்டா?"

"அழிக்கறதுக்கு வேற வழி கீது. இது அழிக்காது. உங்க லிஃப்டுக்கு மெயின் ஆஃப் பண்றியே, அதே கத."

"உள்ள ஆளு இருந்தா மெயின் ஆஃப் பண்ண மாட்டேன் சார்."

"இதுக்குள்ள யாரு கீறா?"

"என் சம்சாரம்."

டென்சில் இதற்குச் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது என்றாலும் பார்த்தார். "அவங்க நியூ ஜெர்சில பத்திரமா கீறாங்க பெருமாள்," என்றார். "இதுல கீறது லெட்டர். நான் தொடட்டுமா?"

அவன் தலையாட்டினான். டென்சில் சுவிட்சை இழுத்துப் பிடித்தார், வாய்க்குள் இருபது வரை எண்ணினார். ஒன்றும் நடக்கவில்லை. முகத்தைச் சுளித்து, ஒயரை எடுத்துச் சொருகினார். பேட்டரியும் காலி, மாட்டிக்கொண்ட இடத்திலேயே ஆறு நாளாக மூச்சு முட்டி எல்லாவற்றையும் குடித்துவிட்டது, இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறட்டும் என்றார்.

அந்த இரண்டு மணி நேரமும் பெருமாள்சாமி லிஃப்ட் ஓட்டினான். மூன்றாவது மாடியில் வக்கீல் பொத்தானைக் குத்திக்கொண்டு நின்றார். கதவைத் திறந்த பெருமாள்சாமி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வான் என்று காத்திருந்த வக்கீல், "உடம்பு சரியில்லயாப்பா?" என்று கேட்டபடி ஏறிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி நாலாவது மாடி. லிஃப்டை அங்கேயே நிறுத்தி, கிராதியைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினான். டென்சில் சுவிட்சைப் பிடித்தார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. திரை முழுக்கக் கறுத்தது. பெருமாள்சாமி கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது திரை வெளுத்து, ஏதோ இங்கிலீஷ் ஓடி, அப்புறம் பழைய கொட்டை எழுத்து வந்து நின்றது. நாளைக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கப் போறேன்.

"இப்ப அழுத்து," என்று டென்சில் அதை அவனிடம் நீட்டினார். "ஒன் டைம்."

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க சார்."

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே மேன்."

"பரவால்ல சார்."

டென்சில் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெருமாள்சாமி ஒரு தடவை அழுத்தினான். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். நாற்பதாவது பக்கம் வந்தது. மற்றப் பக்கங்கள் போல நாலைந்து வரி இல்லை. ஓரம் வரைக்கும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்.

"மாமா, மேடம் இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்றாங்க. நவம்பர் முப்பதாந்தேதி டிக்கெட்ட மாத்தப் போறாங்களாம். என்னால இங்க இருக்க முடியல. இவ்வளவு நல்லவங்க மூஞ்சியப் பாத்து மாட்டேன்னும் சொல்ல வரல. நீ ஞாயித்துக்கெழம போன்ல வான்னு சொல்லு. அவங்க காதுல விழணும். புருசன் கூப்புட்டா யாரும் தடுக்க மாட்டாங்க. இருவது வருசத்துல நீ என்ன ஒரு தடவகூடக் கூப்புட்டது கெடையாது. நானாத்தான் வருவேன். இந்தத் தடவ நீ கூப்புடு. இத மொதப் பக்கத்துலயே எழுதியிருப்பேன். நீ எழுத்துக் கூட்டிப் படிக்கற ஆளு. நாப்பது நாளு படிச்சிப் பழகினாத்தான் இதத் தப்பில்லாம படிப்பன்னு இங்க வெச்சேன்."

அவன் தப்பில்லாமல் படித்தான். ஒரு எழுத்துக்கூட இடறவில்லை. படித்து முடித்தபோது, நேற்று ஸ்பீக்கரில் அத்தனை பேர் நடுவில், தன் வாயால் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. எனக்கின்னா. எப்படியோ இருந்துக்குவேன். இருக்கணும்னா இரு. நாற்பது நாள் அவனுக்குப் பாடம் நடத்திவிட்டு, ஒரே ஒரு வார்த்தைக்காகக் காது கொடுத்து நின்றவளிடம் இதைச் சொல்லியிருக்கிறான். அவளும் சரி என்று சொல்லிவிட்டு அரிசி டப்பாவைப் பற்றி விசாரித்தாள்.

"இன்னிக்கு இன்னா தேதி சார்?"

"முப்பது. ஏன்?"

"அமெரிக்காவுக்குப் போன் போடணும் சார். இப்பவே."

டென்சில் கடிகாரத்தைப் பார்த்தார். "அங்க இப்ப நடு ராத்திரி மேன், ரெண்டு மணி ஆவப்போவுது. நம்பர் இன்னா?"

நம்பர் முதல் பக்கத்தில்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது அவன் மொபைலில் நம்பர் விழுவதில்லை. மெனுவுக்குள் போனால் ஒரே தாவலில் போய்விடலாம் என்று டென்சில் கை நீட்டினார். பெருமாள்சாமி கருவியை மார்போடு அணைத்துக்கொண்டான். தெரியாத பொத்தான் எதையும் தொட அவன் தயாராயில்லை. பின்பக்கப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினான், காத்திருந்தான். முப்பத்தொன்பது. அழுத்தினான், காத்திருந்தான். முப்பத்தெட்டு.

இப்படி முப்பத்தொன்பது தடவை. உயிர் போகிற அவசரம், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரை கறுத்து வெளுக்கிற வரைக்கும் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நாட்கள் பின்னால் போயின. அமாவாசை வந்தது, மழை வந்தது. குழந்தைப் பக்கம் வந்தது. அன்றைக்கு முதல் வரியோடு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்து, இப்போது அடுத்த வரியையும் படித்தான். "அது தூங்கினதும் முந்தானைய உருவிகினு வந்து ஜன்னலாண்ட நிப்பேன். இந்த ஜன்னல் ஒழுவறதே இல்ல மாமா." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் தீபாவளி வந்தது, அதன் கீழே நம்பர் இருந்தது.

டென்சில் தன் மொபைலில் நம்பரைப் போட்டு, அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவன் கையில் கொடுத்தார்.

"ஹலோ?" ஷில்பாவின் குரலில் தூக்கமும் பயமும் சேர்ந்திருந்தன. "யாரு? ஏனாயித்து, என்ன ஆச்சு?"

"மேடம், நான் பெருமாள்சாமி. யாருக்கும் ஒண்ணும் ஆவல மேடம். சரசுவக் கூப்புடுங்க."

காலடிச் சத்தம், கதவுச் சத்தம், கிசுகிசுப்பு. அப்புறம் சரசு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "மாமா? இன்னாச்சி மாமா? நல்லா கீறியா?"

சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாக நினைத்து வைத்திருந்தான். கருவி மாட்டிக்கொண்டது, நேற்றுச் சொன்னது பொய், நாற்பதாவது பக்கத்தை இப்போதுதான் படித்தேன். எல்லாம் தொண்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நெருக்கி நின்றன. எதுவும் வெளியே வரவில்லை. அவன் ஒரு மூச்சு விட்டான்.

"வா," என்றான்.

மறுபக்கம் நிசப்தம். முன்பென்றால் பதறியிருப்பான். இப்போது காத்திருந்தான். பிறகு, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் பேசுவது கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு கூப்புடறாரு மேடம்."

ஷில்பா ஏதோ சொன்னாள்.

"இல்ல மேடம், போய்த்தான் ஆவணும்." அந்தக் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் அதைக் கேட்டதில்லை. "அவரே கூப்புடறாரு."

பிறகு போன் அவள் வாயருகே வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரியா கேக்கல மாமா," என்றாள். "இன்னொரு தடவ சொல்லு."

கேட்டுவிட்டது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். கீழே யாரோ லிஃப்ட் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள், மணி நாலு மாடிக்கும் கேட்டது. டென்சில் இன்னும் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

"வா," என்றான் பெருமாள்சாமி. அவள் மறுபடி கேட்கவில்லை. இருந்தும், "வா சரசு. வா," என்றான். அப்புறமும் சொன்னான். எத்தனை தடவை என்று அவன் எண்ணவில்லை.